போனில் அழித்த மீட்டிங் ஏன் திரும்ப வருகிறது?

போனில் ஒரு மீட்டிங்கை அழிக்கிறீர்கள். மறுநாள் காலையில் அது அதே இடத்தில், அதே நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறது. இல்லையென்றால் ஒரே ஆளின் பெயர் முகவரிப் பட்டியலில் நாலு தடவை வருகிறது. அதுவும் இல்லையென்றால், ஆபீஸ் கணினியில் படித்து முடித்த மெயில் எல்லாம் போனில் படிக்காத மெயிலாகத் தடித்த எழுத்தில் நிற்கிறது. 2000-களில் பாம் ட்ரியோ, பிளாக்பெரி, விண்டோஸ் மொபைல், நோக்கியா ஈ வரிசை என்று ஏதாவது ஒன்றை ஆபீஸ் வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பழகிப்போனவை. இன்றைய போனுக்குள் ஓடுவதும் ஏறக்குறைய அதே வேலைதான், ஆனால் எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. பழைய போன்களில் பல் சக்கரங்கள் வெளியே தெரிந்தன என்பதால், சிங்க், அதாவது இரண்டு இடத்தில் இருக்கும் தகவலை ஒன்றுபோல வைப்பது, எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவைதான் வசதி.

சிங்க் செய்வதைக் காப்பி எடுப்பது மாதிரி நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. காப்பிக்கு ஒரு திசை உண்டு, இங்கிருந்து எடுத்து அங்கே போட்டால் முடிந்தது. சிங்க்கில் இரண்டு பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெளியே இருக்கும்போது போனில் ஒருவருடைய எண்ணைத் திருத்துகிறீர்கள், அதே நேரத்தில் ஆபீஸில் யாரோ உங்கள் காலண்டரில் இருக்கும் புதன்கிழமை மீட்டிங்கை வியாழனுக்குத் தள்ளுகிறார்கள், இரண்டு மாற்றமும் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும், ஒன்று இன்னொன்றை மிதித்துவிடக் கூடாது. ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய், அவ்வப்போது எதிரெதிரே உட்கார்ந்து சரிபார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் இரண்டு நோட்டிலும் ஒரு கோடு போடுவார்கள். அடுத்த முறை அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். சிங்க்கின் சூட்சுமம் மொத்தமும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? கணினியில் 300 பெயர், போனில் 299. அந்த ஒரு பெயரைக் கணினியில் புதிதாகச் சேர்த்தீர்களா, அல்லது இரண்டு பக்கமும் இருந்ததைப் போனில் அழித்தீர்களா? பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டு கதைக்கும் முடிவு ஒன்றுதான்: அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. போன முறை என்ன இருந்தது என்று யாராவது நினைவில் வைத்திருந்தால்தான் பதில் கிடைக்கும். நினைவில்லாத மென்பொருள் பாதுகாப்பான பக்கமாகச் சாய்ந்து, புதிதாகச் சேர்த்தது என்று முடிவு கட்டி, திருப்பிப் போட்டுவிடும். அழித்த மீட்டிங் எழுந்து வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1996-ல் வந்த பாம் பைலட் இந்தச் சிக்கலைச் சிக்கனமாகத் தீர்த்தது. அது போன் இல்லை, கையடக்கக் கருவிதான், ஆனால் பின்னால் வந்த ட்ரியோ போன்கள் அதன் வழியில்தான் நடந்தன. கருவியை ஒரு தாங்கியில் செருகிப் பொத்தானை அழுத்தினால் கணினியோடு பேச ஆரம்பிக்கும், ஹாட்சிங்க் என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சின்னக் குறி உண்டு. பதிவைத் திருத்தினால் குறி விழும். அழித்தால், திரையிலிருந்து மறைந்துவிடும், ஆனால் இப்படி ஒரு பதிவு இருந்தது, அதை அழித்தாயிற்று என்ற குறிப்பு மட்டும் அடுத்த ஹாட்சிங்க் வரை உள்ளேயே இருக்கும். கணினிக்கு அந்தக் குறிப்பைச் சொன்ன பிறகுதான் அது நிஜமாகப் போகும். சேர்த்ததைச் சொல்வதைவிட அழித்ததைச் சொல்வதுதான் கஷ்டம் என்பது இந்தத் துறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அதற்கு பாம் கண்ட விடை இது.

ஆனால் ஹாட்சிங்க் முடிந்ததும் அந்தக் குறிகள் துடைக்கப்பட்டுவிடும். இப்போது அதே கருவியை வீட்டுக் கணினியில் செருகினால்? குறிகள் ஆபீஸ் கணினிக்குத்தான் சரி, வீட்டுக் கணினி போன வாரத்து நிலையில் இருக்கிறது. பாம் இதையும் யோசித்து வைத்திருந்தது. கடைசியாகப் பேசிய கணினி எது என்று நினைவில் வைத்துக்கொண்டு, இது வேறு என்று தெரிந்தால் குறிகளை நம்பாமல், எல்லாப் பதிவுகளையும், அந்தக் கணினி போன முறை எடுத்துவைத்த நகலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும். நேரம் பிடிக்கும், ஆனால் தப்பு வராது. 2000-ன் இறுதியில் நோக்கியா, எரிக்சன், ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து சிங்க்எம்எல் என்ற பொது நெறிமுறையைக் கொண்டுவந்தபோது அதிலும் இதே ஏற்பாடு இருந்தது: போன முறை போட்ட அடையாளத்தை இரு பக்கமும் சொல்ல வேண்டும், ஒத்துப்போனால் மாற்றங்களை மட்டும் பரிமாறலாம், ஒத்துப்போகாவிட்டால் முழுசாக முதலிலிருந்து.

எக்ஸ்சேஞ்ச் என்பது ஆபீஸ் மெயிலும் காலண்டரும் தொடர்புகளும் இருக்கும் மைக்ரோசாஃப்டின் சர்வர் மென்பொருள், அதோடு பேசும் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க்கும் அப்படித்தான். ஒரு எச்சரிக்கை: ஆக்டிவ்சிங்க் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருந்தன, கணினியில் நிறுவி யுஎஸ்பி கேபிள் மாட்டிப் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று, ஆபீஸ் சர்வரோடு போன் நேராக இணையம் வழியாகப் பேசும் முறை இன்னொன்று. பெயர் வைத்தவர் யாரோ, இரண்டையும் குழப்பிக்கொண்டு தவித்தவர்களின் சாபம் கொஞ்சம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சர்வர் வகையில், ஒவ்வொரு சிங்க் முடிந்ததும் சர்வர் போனுக்கு ஒரு சீட்டு மாதிரி ஒரு சாவியைக் கொடுக்கும். அடுத்த முறை போன் அதைக் காட்டினால், அதற்குப் பிறகு மாறியது மட்டும் வரும். சாவி செல்லவில்லை என்றால் (மெயில் பெட்டியை வேறு சர்வருக்கு மாற்றியிருக்கலாம், போனின் உள்நிலை கெட்டிருக்கலாம்) பூஜ்யத்திலிருந்து ஆரம்பி என்று பதில் வரும், போன் தன்னிடம் இருப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். அந்த நேரத்தில் சர்வருக்கு இன்னும் சொல்லாமல் போனில் மட்டும் செய்து வைத்த அழிப்போ திருத்தமோ இருந்தால் அது கோவிந்தா.

ஒரே பதிவை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் யார் சொல்வது செல்லும்? இதற்கு நியாயமான விடை கிடையாது, ஏதாவது ஒரு கொள்கைதான் வைக்க முடியும். பாம் இரண்டையும் வைத்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் இரட்டையாகத் தெரியும், எது சரி என்று நீங்களே பார்த்து அழிக்க வேண்டும். ஒரு பக்கம் அழித்து மறுபக்கம் திருத்தியிருந்தால் திருத்தியதற்குத்தான் மதிப்பு. எக்ஸ்சேஞ்ச் அப்படி இல்லை, சும்மா விட்டால் சர்வரில் இருப்பதே ஜெயிக்கும், விண்டோஸ் மொபைலில் இதை மாற்ற ஒரு அமைப்பு இருந்தது. எனக்கு பாம் முறைதான் பிடிக்கும், இரட்டைப் பதிவு எரிச்சல்தான் என்றாலும் எழுதியது சத்தமில்லாமல் காணாமல் போவதைவிடத் தேவலை.

இதுவரை சொன்னது காலண்டருக்கும் தொடர்புகளுக்கும் நன்றாகப் பொருந்தும். மெயில் வேறு ரகம். மெயிலை யாரும் திருத்துவதில்லை. வரும், படிப்போம், பதில் போடுவோம், வேறு அடைவுக்கு நகர்த்துவோம், அழிப்போம். மாறுவது மெயில் இல்லை, அதன் நிலைதான். மெயிலை இறக்கும் பழைய வழிகளில் ஒன்றான பாப் முறை இதைக் கண்டுகொள்வதே இல்லை: மெயிலை இறக்கிக் கொடுக்கும், அதோடு சரி, நீங்கள் போனில் படித்தது கணினிக்குத் தெரியாது. படித்த மெயில் மறுபடி தடித்த எழுத்தில் நிற்பது இதனால்தான். 1986-ல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும், படித்தாயிற்று, பதில் போட்டாயிற்று என்ற குறிகளும் அங்கேயே இருக்கும், எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே நிலை. மெயிலுக்கு மட்டும் என்றால் ஐமேப் போதும். ஆனால் அதில் காலண்டரும் கிடையாது, தொடர்புகளும் கிடையாது. 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் மெயிலை ஐமேப் வழியாகத்தான் பார்க்க முடிந்தது, காலண்டருக்குக் கணினியில் ஐடியூன்ஸைத் திறந்து கேபிள் மாட்ட வேண்டும். அடுத்த வருடம் ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்பு மென்பொருளில் ஆப்பிள் ஆக்டிவ்சிங்க்கை உரிமம் வாங்கிச் சேர்த்த பிறகுதான் மூன்றும் ஒரே கணக்கில் வந்தன. ஆண்ட்ராய்டுக்கு ஆக்டிவ்சிங்க் 2009 அக்டோபரில் 2.0 பதிப்போடு வந்தது, ஆனால் எக்ஸ்சேஞ்ச் காலண்டர் 2010-ல் 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது.

மெயில் வந்தவுடன் போன் கூவுவது எப்படி என்பது தனிக் கதை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எளிய வழி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் போய் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பது. பேட்டரி காலியாகும், இல்லை என்ற பதிலுக்கே டேட்டா செலவாகும், அப்படியும் மெயில் ஐந்து நிமிடம் வரை பிந்தி வரும். பிளாக்பெரி 1999-லேயே வேறு வழியில் போனது. நிறுவனத்துக்குள் ஒரு சர்வரை நிறுவிவிடுவார்கள், அது மெயில் பெட்டியைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும், புது மெயில் வந்தால் அதைச் சுருக்கி, பூட்டி, பிளாக்பெரி நிறுவனத்தின் மையம் வழியாகக் கருவிக்குத் தள்ளும். நீளமான மெயில் முழுதாக வராது, முதல் துண்டுதான் வரும், கீழே இறங்கிப் படித்தால் அடுத்த துண்டு. அந்தக் காலத்து வேகத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். குறை என்னவென்றால் எல்லாம் அந்த ஒரு மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும், 2011 அக்டோபரில் அங்கே கோளாறு வந்தபோது பல நாடுகளில் நாள் கணக்கில் மெயில் நின்றுபோனது. இன்னொரு வேடிக்கை, ஆரம்பத்தில் பிளாக்பெரியில் மெயில் காற்றில் வந்தாலும் முகவரிப் பட்டியலை சிங்க் செய்யக் கணினியில் கேபிள் மாட்டத்தான் வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் முதலில் ஒரு ஒட்டுப்போட்ட தீர்வைக் கொண்டுவந்தது: மெயில் வந்தால் சர்வர் போனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதைப் பார்த்ததும் போன் எழுந்து சிங்க் செய்யும். எஸ்எம்எஸ் தாமதமானால் மெயிலும் தாமதம். 2005-ல் எக்ஸ்சேஞ்ச் 2003-ன் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் (பின்னால் தரும் திருத்தத் தொகுப்பு) வந்த டைரக்ட் புஷ் முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. தள்ளுவது என்று பெயர், உண்மையில் போன்தான் கேட்கிறது. ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கூடவே, இத்தனை நிமிடம் வரை பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கெடுவும் கொடுக்கிறது. சர்வர் இணைப்பைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மெயில் வந்தால் அந்த நொடியே பதில் சொல்லும். வராமல் கெடு முடிந்தால், ஒன்றும் இல்லை என்று சொல்லும், போன் உடனே அடுத்த கேள்வியைப் போட்டு மறுபடி காத்திருக்கும். காத்திருக்கும்போது டேட்டா கிட்டத்தட்ட ஓடாது. நடுவில் இருக்கும் மொபைல் நெட்வொர்க்கோ ஆபீஸின் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வாலோ, நீண்ட நேரம் பேச்சே இல்லாத இணைப்பு என்று துண்டித்துவிட்டால், போன் கெடுவைக் குறைத்து மறுபடி முயலும். ஆபீஸ் ஃபயர்வாலில் இந்த நேரம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் போன் அடிக்கடி எழுந்து கேட்டுக்கொண்டே இருக்கும், மத்தியானத்துக்குள் பேட்டரி தீரும், பழி போன் மேல் விழும்.

புதிதாக வருபவர்கள் பயப்படும் இன்னொரு விஷயம், போனில் பழைய மெயில் மறைவது. பயப்பட வேண்டாம். அந்தப் போன்களில் நினைவகம் குறைவு என்பதால் எத்தனை நாள் மெயில் போனில் இருக்கலாம் என்று ஒரு எல்லை உண்டு: மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று தேர்ந்தெடுக்கலாம். எல்லையைத் தாண்டிய மெயிலைப் போன் தன்னிடமிருந்து மட்டும் எடுத்துவிடும், சர்வரில் அது பத்திரமாக இருக்கும். ஆனால் நீங்களாக இடம் போதவில்லை என்று போனில் அழித்தால் அது சர்வரிலும் அழியும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், விளைவு நேர் எதிர். இடம் வேண்டுமானால் மெயிலை அழிக்காமல் அந்த எல்லையைக் குறையுங்கள். இணைப்புக் கோப்புகளையும் தானாக இறக்க வேண்டாம் என்று வைத்துவிடலாம். பெரிய கோப்பு உள்ள மெயிலை ஆக்டிவ்சிங்க் வழியே வேறொருவருக்கு அனுப்பக்கூட அதைப் போனில் இறக்கத் தேவையில்லை, இந்த மெயிலை இன்னாருக்கு அனுப்பு என்று போன் சொன்னால் சர்வரே கோப்பைச் சேர்த்து அனுப்பிவிடும்.

காலண்டரில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. மீட்டிங் நேரம் உள்ளே உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டு, காட்டும்போது உங்கள் நேர மண்டலத்துக்கு மாற்றப்படுகிறது. போனின் நேர மண்டலம் தப்பாக இருந்தால் எல்லா மீட்டிங்கும் ஒரே அளவு தள்ளித் தெரியும், அப்போது மீட்டிங்கை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள், மண்டலத்தைச் சரிசெய்தால் போதும். பிறந்தநாள், விடுமுறை போன்ற முழுநாள் பதிவுகள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று சேமிக்கப்படுவதால் மண்டலம் மாறியதும் இரண்டு நாளில் கால் வைத்து நிற்கும். 2007-ல் அமெரிக்கா கோடைக்கால நேரத்தை மார்ச்சில் சில வாரம் முன்னதாகவே தொடங்கும்படி மாற்றியபோது, சர்வர், கணினி, போன் மூன்றிலும் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒன்றில் விட்டுப்போனாலும் அந்த வாரங்களில் மீட்டிங் ஒரு மணி நேரம் பிசகித் தெரிந்தது.

அப்புறம், திரும்பத் திரும்ப வரும் மீட்டிங். வாராவாரம் திங்கள் பத்து மணி என்பது ஐம்பது பதிவு இல்லை, ஒரே பதிவும் ஒரு விதியும்தான். நடுவில் ஒரு திங்களை மட்டும் செவ்வாய்க்கு மாற்றினால் அது விதிவிலக்காக அந்தப் பதிவோடு ஒட்டிக்கொள்ளும். விதிவிலக்குகளைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருள்கள் அதில்தான் தடுக்கி விழுந்தன. மற்றவர் கூட்டிய மீட்டிங்கைப் போனில் சும்மா அழிப்பதும் சரியான வழி இல்லை, ஏற்பாடு செய்தவர் நேரத்தையோ அறையையோ மாற்றி அனுப்பியதும் திரும்ப வந்து நிற்கும். வர முடியாது என்று பதில் அனுப்பினால் அவருக்கும் தெரியும்.

தொடர்புகளில் பிரச்சினை கட்டங்கள். எக்ஸ்சேஞ்சில் ஒருவருக்கு மூன்று மின்னஞ்சல் முகவரி, இரண்டு ஆபீஸ் எண், இரண்டு வீட்டு எண், ஆனால் மொபைல் எண்ணுக்கு ஒரே கட்டம். போனில் ஒருவருக்கு மூன்று மொபைல் எண் போட்டு வைத்திருந்தால் மறுபக்கம் போவதற்கு இடமில்லை. சிம் கார்டில் இருக்கும் எண்கள் பொதுவாக சிங்க் ஆகாது, முதலில் போன் நினைவகத்துக்கு மாற்ற வேண்டும். நிறுவனம் முழுவதற்குமான முகவரிப் பட்டியலும் போனுக்குள் வராது, பெயர் அடித்தால் அந்த நேரத்தில் சர்வரில் தேடித்தான் கொடுக்கும், சிக்னல் இல்லாத இடத்தில் அந்தத் தேடலும் கிடையாது.

இரட்டைப் பதிவுகளுக்கு வருவோம். முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: ஒரே காலண்டரையும் தொடர்புகளையும் இரண்டு வழியில் சிங்க் செய்வது. கேபிள் வழியாக, கணினியில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் மெயில், காலண்டர் மென்பொருளான அவுட்லுக்கோடு ஒரு பக்கம், காற்று வழியாக சர்வரோடு இன்னொரு பக்கம், அவுட்லுக்கும் அதே சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு பதிவு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் புதிதுபோல நுழையும். மெயில், காலண்டர், தொடர்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வழி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் சர்வர் இருந்தால் அதுதான் வழி. ஏற்கெனவே இரட்டித்துவிட்டதென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்: போனில் சிங்க்கை நிறுத்துங்கள், அவுட்லுக்கில் இருப்பதை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள், கணினியில் உட்கார்ந்து இரட்டைகளைக் களையுங்கள், போனிலிருந்து கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்து, போன் காலியாக இருந்து நிரம்பும்படி விடுங்கள். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தால் பாதி வேலையில் எது அசல் எது நகல் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கணக்கைச் சேர்க்கும்போது அந்தப் போன்கள் கேட்பவை சர்வர் முகவரி, டொமைன் (ஆபீஸ் நெட்வொர்க்கின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எல் (போனுக்கும் சர்வருக்கும் நடுவில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை) வேண்டுமா என்ற ஒரு கட்டம். கடைசியை டிக் செய்யுங்கள். சான்றிதழை நம்ப முடியவில்லை என்று விண்டோஸ் மொபைல் அடம்பிடித்தால், பெரும்பாலும் நிறுவனம் தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழாக இருக்கும், அதை ஐடி ஆட்களிடம் வாங்கிப் போனில் நிறுவினால் சரியாகும். அவசரத்துக்கு எஸ்எஸ்எல்-ஐ அணைத்துப் பார்ப்பது நல்லதல்ல, கடவுச்சொல் பூட்டில்லாமல் போகும்.

சேர்த்து முடித்ததும் திடீரென்று போன் பின் எண் வைக்கச் சொல்லும், சில நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். இது ஆபீஸ் சர்வர் போடும் கட்டளை, ஒப்புக்கொள்ளாவிட்டால் சிங்க் கிடையாது. அதே ஒப்புதலில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: போன் தொலைந்தால் நிர்வாகி அதைத் தொலைவிலிருந்தே துடைக்கலாம், எக்ஸ்சேஞ்ச் 2003-ன் அதே சர்வீஸ் பேக்கில் வந்த வசதி. அந்தக் காலப் போன்களுக்கு ஆபீஸ் விஷயம், சொந்த விஷயம் என்ற பிரிவு தெரியாது, துடைத்தால் உங்கள் போட்டோவும் சேர்ந்துதான் போகும். சொந்தப் போனில் ஆபீஸ் கணக்கைச் சேர்க்கும் முன் போட்டோக்களை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள், வேலையை விடும் நாளில் கணக்கை நீங்களே நீக்கிவிடுங்கள்.